அண்ணி ஏறிய கிரேன்

எங்கள் துறைமுகத்தில் கிரேன் நின்றால் ஊரே கையைப் பிசையும். லாரிகள் மேம்பாலம் வரை வரிசை கட்டும். கடைக்குப் போனால், "சரக்கு இன்னும் இறங்கலையே" என்று கையை விரிப்பார்கள். அப்பேர்ப்பட்ட கிரேனில் உட்கார என் அண்ணி ஆசைப்பட்டார்.

அதுவரை அவர் அங்கே டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். கிரேன் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டார். இரண்டாவது முறை, காற்றில் ஆடிய சரக்குப் பெட்டியை டிரெய்லர் மேல் டமாலென்று போட்டார். உள்ளே இருந்த ஓட்டுநரின் தலை கூரையில் மோதிப் புடைத்துவிட்டது. அந்த மனிதர் அதைத் துறைமுகம் முழுக்க டமாரம் அடித்தார். வந்த ஆத்திரத்தில் நான் அவரோடு டீ குடிப்பதையே நிறுத்திவிட்டேன். மூன்றாவது முறையும் தோற்றால் அண்ணிக்கு அப்புறம் வாய்ப்பே கிடையாது.

அண்ணி ஆத்திரப்படவில்லை. கூடத்தின் குறுக்கே கம்பி கட்டி, உருளை மாட்டி, தண்ணீர் நிரம்பிய வாளியைத் தொங்கவிட்டு இழுத்துப் பழகினார். வீடெல்லாம் ஈரம். ஒருநாள் அண்ணன் வழுக்கி விழுந்த நேரம் பார்த்து அண்ணி கத்தினார்.

"வந்துடுச்சு! எதிர்ப்பக்கம் இழுத்தா இன்னும் ஆடுது. அது போற பக்கமே போய், அதோட தலைக்கு மேல நின்னா அடங்கிடுது. சொல்லிக் குடுத்தாங்கதான், இப்பதான் கைக்கு வந்துச்சு!"

அண்ணன் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே, "என்னை இப்படித்தானே அடக்கி வச்சிருக்க" என்றார்.

தேர்வன்று காற்று பேயாய் அடித்தது. கொடுத்ததோ காலிப் பெட்டி. காற்றில் அதுதான் ரொம்ப ஆடும். கீழே டிரெய்லரில் அதே ஓட்டுநர், வண்டிக்குள்ளேயே ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியை டிரெய்லரோடு பிணைக்கிற மூலைப் பூட்டுகளைப் பார்க்கிற வேலை எனக்கு.

பெட்டி கடல் பக்கம் வீசி ஆடியது. மேலே அண்ணி உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கூண்டும் அதன் பின்னாலேயே கடல் பக்கம் ஓடியது.

"போச்சு" என்றார் பக்கத்தில் நின்ற பூட்டுக்காரர்.

"வாயை மூடுங்க" என்று எரிந்து விழுந்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கூண்டு பெட்டியின் தலைக்கு மேல் போய் நின்றது. பெட்டி அடங்கியது. மெல்ல இறங்கியது. நான்கு மூலைகளும் சத்தமில்லாமல் உட்கார்ந்தன.

ஹெல்மெட்காரர் கண்ணை இறுக மூடியபடி வாக்கி டாக்கியில் கத்தினார். "அம்மா தாயே, எப்பதான் வைப்ப? உயிர் போகுது!"

தேர்வு வைத்த அதிகாரி பெட்டியைத் தட்டினார். "வச்சாச்சுய்யா. வண்டியை எடு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலே பார்த்து இரண்டு கையையும் ஆட்டினேன்.

அன்று ஹெல்மெட்காரர்தான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணியின் டீ ஆறிப்போனது. கப்பலில் இன்னும் பெட்டிகள் இருந்தன. அவர் மறுபடி மேலே ஏறிவிட்டார்.