சைக்கிள் டைனமோவில் ஓடிய என் பாட்டுகள்

எனக்குப் பாட வராது என்பது முருங்கன் ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியாது. பிடித்த ஆங்கில ரொக் பாட்டுகளை நானே பாடிக் கசெற்றில் பதிவேன். சண்டைக் காலம், மின்சாரம் இல்லை. கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைச் சுற்றினால் டைனமோவில் ரெக்கோடர் ஓடும். சுற்றித் தந்தவர் சைக்கிள் கடைக்காரர். சவரம் செய்யாத முகம், தெருப்பக்கம் சாய்ந்த தலை. வாகனச் சத்தம் கேட்டால் அவர் கை தளர்ந்துவிடும்; நாடா மெதுவாய் ஓடிப் பதியும். பிறகு சரியான வேகத்தில் போட்டுக் கேட்டால் அந்த இடத்தில் நான் கோழிக்குஞ்சாய்க் கீச்சிடுவேன்.

"ஏன் அண்ணை நிப்பாட்டுறியள்?"

"மகனை ஆமிக்காரங்கள் ட்ரக்கில ஏத்திக்கொண்டு போனவங்கள். விட்டா அதிலதான் கொண்டுவந்து விடுவாங்கள்."

அவருக்குத் தெரு கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்திப் பாடினேன். முடித்ததும் வாய் சும்மா இருந்ததா? "இப்ப பரவாயில்லையோ, அண்ணை?" என்றேன்.

"நான் பாட்டைக் கேக்கேல்லை, தம்பி."