படத்தில் முதலில் நிற்கும் குடம்

தொண்ணூறுகளின் கடைசியில் கொச்சியின் மட்டாஞ்சேரியைப் பார்க்க உலகமே வந்தது. அரண்மனையைப் பார்த்தார்கள், மிளகுக் கிடங்குகளை மோந்து பார்த்தார்கள். ஒருநாள் எங்கள் சந்துக்குள்ளும் வந்துவிட்டார்கள்.

எங்கள் சந்தில் பார்க்க என்ன இருந்தது? கார்ப்பரேஷனில் தெருக்கூட்டும் தமிழ்க் குடும்பங்களும், தண்ணீர் வராத ஒரு குழாயும்தான். லாரித் தண்ணீரை நம்பித்தான் பிழைப்பு. காலையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை யாரும் நகர்த்த மாட்டார்கள்.

சுற்றுலா விளம்பரத்துக்குப் படமெடுக்க வந்தவர் நகர்த்தினார். சிவப்புக் குடங்களை முன்னால் வைத்து, மஞ்சளையும் பச்சையையும் பின்னால் தள்ளி அழகு பார்த்தார். அம்மா ஓடிவந்தாள்.

"சேட்டா, தொடாதீங்க! அது குடமில்ல, ஆளாக்கும்!"

அவர் நெகிழ்ந்துபோனார். "பழைய ஆசாரமாக்கும், எழுதிக்கோ" என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டுப் படமெடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பிறகு லாரி வந்தது. யார் முன்னால், யார் பின்னால் என்று தெரியாமல் சந்தே அடித்துக்கொண்டது. அம்மாவின் சேலை கிழிந்தது. லாரிக்காரர் கொஞ்சநேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு ஒரு சொட்டும் ஊற்றாமல் பக்கத்துப் பகுதியான தோப்பும்படிக்கு வண்டியை விட்டுவிட்டார்.

மறுவருடம் அப்பா வேலைபார்த்த கார்ப்பரேஷன் ஆபீஸ் சுவரில் அந்தப் படம் பெரிதாகத் தொங்கியது. எல்லாச் சமூகங்களும் ஒற்றுமையாக வாழும் ஊர் என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் முதலில் நிற்பது எங்கள் சிவப்புக் குடம். அன்றைக்கு அது காலியாகத்தான் வீட்டுக்கு வந்தது.