பதினாறு கோடு

முதலில் வியர்த்தது அவளுடைய மேலுதடு. மார்கழிக் காலை. சிதம்பரத்தில் மச்சான் குணாவின் வீட்டு மாடியறை ஜன்னலில் பனி இன்னும் கலையவில்லை. என் மனைவி சுமதி இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, சட்னியை விரலால் தொட்டுத் தொட்டு, வேறெங்கோ போய்விட்டவள் போல உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு மாதிரியா வருது மாமா.”

“ஊசி போட்டாச்சில்ல, சாப்புடு. சரியாப் போவும்.”

சொன்னது நான். சொல்லிவிட்டு போனைப் பார்க்கத் தொடங்கியதும் நான்தான்.

கொஞ்சம் கழித்து அவள் தட்டைக் காட்டி, “இது யாரு கல்யாணத்து இட்லி?” என்று கேட்டாள். அவளுடைய தம்பி குணா சிரித்துவிட்டான். “மச்சான், அக்காவுக்கு இன்னும் தூக்கம் தெளியில. மொய் எழுதியாச்சாக்கா?” நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சுவரோரமாகச் சாய்ந்தாள். ஈரச்சேலை கொடியிலிருந்து நழுவுவது போல, சத்தமில்லாமல்.

இன்சுலின் போடும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயாளி திடீரென வியர்த்தால், சம்பந்தமில்லாமல் பேசினால், சிரிக்காதீர்கள். நினைவிருக்கும்போதே இனிப்பு கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நாங்கள் ஓடினோம்.

அவசரப் பிரிவில் விரலைக் குத்திப் பார்த்த நர்ஸ், கருவியில் வந்த எண்ணை நம்பாமல் இன்னொரு விரலையும் குத்தினார். ஹைபோகிளைசீமியா (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போவது) என்றார்கள். குளுக்கோஸ் ஏறத் தொடங்கியது. இளம் பெண் மருத்துவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

“ஊசி யாரு போட்டது?”

“நான்தாங்க. இவுங்களுக்கு வலது தோள் இறுக்கம், கை தூக்க முடியாது.”

“எவ்ளோ போட்டீங்க?”

“பதினாறு கோடு.”

“கோடா, யூனிட்டா?”

“ரெண்டும் ஒண்ணுதானே டாக்டர்?”

“மருந்தையும் சிரிஞ்சையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க” என்றார். குணா வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

எங்கள் வீட்டில் யூனிட் என்று யாரும் சொன்னதில்லை. இன்சுலின் தொடங்கிய காலத்தில் கடலூரில் ஒரு நர்ஸ் எங்களுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். “இந்தக் கோடு வரைக்கும் இழுங்க சார், அவ்ளோதான்” என்றார். அன்றிலிருந்து அது கோடு. உறவுக்காரர்கள் போனில் விசாரிப்பதும் அப்படித்தான்: “சுமதிக்கு இப்ப எத்தன கோடு?” யூனிட் என்பது மருந்தின் அளவு, கோடு என்பது பிளாஸ்டிக் குழாயில் அச்சடித்த மை. வருஷக்கணக்காக இரண்டும் ஒரே இடத்தில் நின்றதால் வித்தியாசம் தெரியவில்லை.

குணா கொண்டுவந்ததை மருத்துவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். எங்கள் பழைய மருந்தில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, அதில் ஒரு கோடு ஒரு யூனிட். கடலூர் மருத்துவர் மாற்றி எழுதிய புது மருந்தில் மில்லிக்கு நூறு. அதற்கான சிரிஞ்சே வேறு, ஆரஞ்சு மூடி. பழைய பாட்டில் சிதம்பரத்தில் தீர்ந்துபோனதால் புதியதை முந்தின நாள் கீழவீதிப் பக்கத்துக் கடையில் வாங்கியிருந்தேன். சிரிஞ்ச் மட்டும் கடலூரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மூடி. நான் ஏற்றிய பதினாறு கோட்டில் நாற்பது யூனிட் இருந்தது.

பார்வைக்கு எல்லாம் வழக்கம்போலவே இருந்தது. அதே குழாய், அதே உயரம், அதே தண்ணீர் நிறம். கை எதையும் உணரவில்லை.

கடைக்காரர் கேட்டிருந்தார். “சிரிஞ்ச் வேணுமாண்ணே?” “அதெல்லாம் ஜாஸ்தியாவே இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன். கேள்வி என்னைத் தேடி வந்து நின்றது. நான் அதை வழியனுப்பி வைத்தேன்.

என் வேலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடலூர் சிப்காட் பக்கத்து ரசாயனத் தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகைகளை வடிவமைப்பவன் நான். எந்தப் பொத்தான் எங்கே, எந்த விளக்கு என்ன நிறம், அவசரத்தில் மனிதக் கை எந்தப் பக்கம் போகும் என்று வரைவதே பிழைப்பு. சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் ஆரஞ்சு விளக்கை வைத்து ஒரு வரைபடம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரே மாதிரிப் பொத்தான் இரண்டை அருகருகே வைத்துவிட்டு, தவறியவனைத் தண்டிக்கும் மேலாளர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆளைத் திட்டாதீர்கள், பொத்தானை மாற்றுங்கள் என்பேன்.

செய்தி கேட்டு அலுவலகத்து நண்பர் போன் செய்தார். “சார், இது ஒங்க தப்பே இல்ல. டிசைன் தப்பு. நீங்க சொல்றதுதானே?”

நான் சொல்வதுதான். இன்றும் அதை நம்புகிறேன். இரண்டு வலிமையில் மருந்து, கிட்டத்தட்ட ஒரே முகத்தில் இரண்டு சிரிஞ்ச், நிறத்தை மட்டும் நம்பி ஓர் உயிர். இதை வடிவமைப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வாதம் அடுத்தவனுக்குக் குடையாக இருந்தது. என் தலைக்கு மேல் பிடித்தபோது ஒழுகியது. உலகத்திலேயே அந்த மூடியின் நிறத்தைப் பார்த்திருக்க வேண்டிய கண் என் கண். மூடியைக் கழற்றும்போதே அது போனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குளுக்கோஸ் ஏற்ற ஏற்ற அவளுடைய சர்க்கரை மறுபடி மறுபடி இறங்கியது. மறுநாள் கண் விழித்தாள். தண்ணீர் கேட்பதற்கு “கதவு குடுங்க” என்றாள். மூளை சர்க்கரையைத் தின்று வாழ்வது, அது பட்டினி கிடந்திருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார்.

“திரும்பிடுமா டாக்டர்?”

“பெரும்பாலும் வந்துடும். எவ்ளோ நாளாவும்னு என்னால சொல்ல முடியாது.”

காரில் கடலூர் திரும்பும்போது அவள் வழியிலிருந்த பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். புதுச்சத்திரத்தைப் படித்து முடிப்பதற்குள் ஊர் பின்னால் போய்விட்டது. “வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லுங்க” என்றாள். வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மஞ்சக்குப்பம் வீட்டில் சொற்கள் ஒவ்வொன்றாக அவளிடம் திரும்பின. வெளியூர் போயிருந்த சொந்தக்காரர்கள் வருவது போல, சில சீக்கிரம், சில தாமதமாக. அந்தக் காலை மட்டும் வரவில்லை. அவளுக்கு அந்த நாளே கிடையாது. எனக்கோ அந்த நாள் இன்னும் முடியவில்லை. ஒருநாள் மாடியில் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அன்னிக்கு நீங்கதான போட்டீங்க?”

“நான்தான்.”

“நான் ஒளறுனப்ப ரெண்டு பேரும் சிரிச்சீங்களாம். குணா சொல்லி அழுவுறான்.”

“சிரிச்சோம்.”

“அப்பிடி என்னா சொன்னேன்?”

சொன்னேன். இட்லியையும், கல்யாணத்தையும், மொய்யையும். அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. மடித்த சேலையை மடியில் வைத்து நீவிக்கொண்டே சொன்னாள்: “இனிமே நானே போட்டுக்கறேன்.”

கோபமில்லாத குரல். கோபப்பட்டிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அந்த ஊசிதான் எங்கள் காலை. அவள் சேலையை ஒதுக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, தன் உடம்பின் ஒரு விரலளவு இடத்தை என்னிடம் விட்டுவிடுவாள். அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள்.

இன்சுலின் பேனா வாங்கினோம். அதில் கோடு இல்லை. திருகினால் சிறிய ஜன்னலில் யூனிட் எண் வரும், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு ‘டிக்’. இடது கையால் அவளே வயிற்றில் போட்டுக்கொண்டாள். நான் அடுத்த அறையிலிருந்து அந்த டிக்குகளைக் கேட்டபடி இருப்பேன். எத்தனை முறை கேட்டாலும் ஒன்று கூடிவிட்டது போலவே இருக்கும்.

“கதவுக்குப் பின்னால நின்னு எண்ணாதீங்க மாமா. எனக்கு எண்ணிக்கை தப்புது.”

நகர்ந்து போவேன். மாடிப்படியில் நின்று எண்ணுவேன்.

ஒரே இடத்தில் குத்திக் குத்தி அவளுடைய வயிற்றுத் தோலடியில் கட்டி விழுந்தது. லைப்போஹைபர்ட்ரோபி (ஒரே இடத்தில் ஊசி போடுவதால் கொழுப்பு தடித்துப்போவது). அந்த இடத்தில் போட்டால் மருந்து சரியாக ஏறாது. கடலூர் மருத்துவர் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “வயித்துக்குக் கொஞ்ச நாளு லீவு குடுங்க. மேல்கையில, பின்பக்கமாப் போடுங்க. அங்க உங்களுக்கு எட்டாது, வேற யாராவது போட்டுவுடணும்” என்றார்.

நானே போடுகிறேன் என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

மறுநாள் காலை, “மாமா” என்று கூப்பிட்டாள்.

நாற்காலியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பேனாவை வாங்கித் திருகினேன். சிதம்பரத்துக்குப் பிறகு மருத்துவர் குறைத்த அளவு; பன்னிரண்டு என்றேன். “காட்டுங்க” என்றாள். ஜன்னலை அவள் கண்ணருகே கொண்டுபோனேன். வெகுநேரம் பார்த்தாள். “பன்னெண்டு யூனிட். சரி. போடுங்க.”

பேனாவில் மருந்தை அழுத்திய பிறகும் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக் கூடாது. எடுத்தால் மருந்து வெளியே கசிந்துவிடும். என்னை எண்ண விடவில்லை. அவளே எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று, பிள்ளைக்குச் சோறூட்டும் நிதானத்தில்.

ஏழு சொல்லிவிட்டு நின்றுவிட்டாள்.

சொல் தொலைந்துவிட்டதா, என்னைச் சோதிக்கிறாளா, தெருவில் போன கீரைக்காரம்மாவின் குரலைக் கேட்கிறாளா, தெரியவில்லை. ஊசியை எடுக்க முடியாது. அவளுக்குப் பதிலாக நான் சொல்லவும் கூடாது. என் கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. அவளுடைய தோலின் சூடு என் விரல்களில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் எனக்கு வயதாயிற்று. என் உடம்பு எங்கே முடிகிறது, அவள் உடம்பு எங்கே தொடங்குகிறது என்பது கலங்கிப்போய், இரண்டுக்கும் நடுவில் அந்தச் சின்ன உலோக நூல் மட்டும் அசையாமல் நின்றது.

“எட்டு” என்றாள்.