படைக்காத பொரி

ஆயுத பூஜை வந்தால் எங்கள் இரும்பு மில்லில் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிடுவார்கள். ரோலிங் மிஷின், லேத், வெல்டிங் செட், கேன்டீன் கிரைண்டர், செக்யூரிட்டியின் டார்ச் லைட் என்று ஒன்று பாக்கி இருக்காது. ஒரு வருஷம் மேனேஜரின் கம்ப்யூட்டர் திரையிலேயே சந்தனத்தை அப்பிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பொட்டு இல்லாமல் இருப்பது என் கிரேன் கேபின் ஒன்றுதான். நான் கிறிஸ்தவன். வேலைக்குச் சேர்ந்த வருஷமே, "கேபினுக்கு வேணாம், நான் ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன விதம் கொஞ்சம் முறைப்பாகத்தான் இருந்திருக்கும். எனக்கு எதையும் பதமாகச் சொல்ல வராது. சரி போ என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

பூஜை முடிந்ததும் ஆளுக்கொரு பொட்டலம் பொரி, கடலை, வெல்லம் கொடுப்பார்கள். படைத்ததை நான் சாப்பிடுவதில்லை. கிரேனுக்குக் கீழே நின்று சரக்கில் கம்பிக் கயிற்றை மாட்டி, எனக்குக் கையைக் காட்டித் தூக்கச் சொல்லும் அண்ணன் ஒருவர் இருந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் நெல் வயலும் உண்டு. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவர் ஒவ்வொரு வருஷமும் படையலுக்கு முன்னாலேயே ஒரு பிடி பொரியை எடுத்துத் தன் சாப்பாட்டுப் பையில் பத்திரமாக வைத்திருப்பார். நான் கீழே இறங்கியதும் நீட்டுவார். "இந்தா நைனா, இது படைக்காதது. உங்க சாமி கோவிச்சுக்காது." யாரும் அவரிடம் கேட்டுக்கொண்டது இல்லை. நானும் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை, வாங்கித் தின்றுகொண்டே இருந்தேன்.

விபத்து நடந்த வருஷமும் அப்படித்தான் பொரி கொடுத்தார். அது முடிந்து தீபாவளி வருவதற்குள், ஒரு நாள் காலை ஷிப்டில், நான் கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கும்போது கயிறு அறுந்தது. கட்டின் ஒரு முனை சாய்ந்து அவர் மேல் விழுந்தது. மேலே கேபினில் உட்கார்ந்தபடி நான் அதைப் பார்த்தேன். ஏணியில் இறங்கியது எனக்கு நினைவில்லை. அவருக்குத் தலையிலும் இடுப்பிலும் அடி. மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நினைவு திரும்பவில்லை; பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

கயிறு தேய்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஆனால் அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? புதுவாயல் டீக்கடையில் என் முதுகுக்குப் பின்னால் ஒருவன் சொன்னான். "பொட்டு வெக்காத வண்டிடா அது. பின்ன இன்னா ஆவும்?" திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்கவில்லை. ஏனென்றால் அதையேதான் நானும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். பொட்டில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும், ஒருவேளை அதில் ஏதாவது இருந்தால்? சரி, அது கிடக்கட்டும். அன்று காலை நான் வழக்கம்போல் ஜெபம் பண்ணிவிட்டுத்தானே கேபினில் ஏறினேன், அந்த ஜெபம் எங்கே போயிற்று? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அந்த அண்ணனின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே பெரிய பூசணிக்காய். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தம்பி, எங்க ஊர்ல குறி கேட்டோம். பொட்டு வேணாம்னு சொன்னவன் கையாலயே திருஷ்டி கழிக்கணுமாம். வர்ற அமாவாசைக்கு, அந்தக் கிரேனுக்குக் கீழ, நீதான் இத சுத்தி ஒடைக்கணும். ஒடச்சா எழுந்துக்குவாராம்."

"அண்ணி, நான் அதெல்லாம்..."

"தெரியும். செய்ய மாட்டேதான். எனக்காகச் செய்." பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் மனைவி போட்டு வைத்த டீ ஆறிப்போனது.

பூசணிக்காய் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது என்பதே பெரிய பாடாகிவிட்டது. சமையலறையில் வைத்தால் சமைக்கிற காய், வாசலில் வைத்தால் உடைக்கிற காய். கடைசியில் கட்டிலுக்கடியில் தள்ளினேன். சபைக்குப் போய் பாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர், "ஒடைக்காதீங்க பிரதர். ஒடச்சீங்கன்னா கர்த்தருக்கு நீங்க குடுக்குற சாட்சியே போச்சு. நீங்க உறுதியா நில்லுங்க, கர்த்தர் அவரை எழுப்புவாரு பாருங்க" என்றார்.

தெம்பாகத்தான் திரும்பினேன். பஸ் சிப்காட் தாண்டுவதற்குள் தெம்பெல்லாம் கரைந்துவிட்டது. குறி சொன்னவர், நான் உடைத்தால் அண்ணன் எழுவார் என்கிறார். பாஸ்டர், நான் உடைக்காவிட்டால் எழுவார் என்கிறார். இரண்டு பேருமே அந்த மனிதரின் உயிரைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டார்கள். அப்புறம் இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? உடைக்காமல் இருப்பதே என்னுடைய பூசணிக்காயாகிவிட்டதா? இப்படி நினைப்பது பாவமா, அதுவும் தெரியவில்லை.

வீட்டில் வந்து மனைவியிடம் இதைக் கொட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"உங்க கை அவ்ளோ பெரிய கையா?" என்றாள்.

"இன்னா சொல்ற?"

"ஒடச்சாலும் ஒங்க கையாலதான் பொழைப்பாரு, ஒடைக்கலன்னாலும் ஒங்க கையாலதான் பொழைப்பாரா? ஆண்டவருக்குன்னு ஒரு வேலையும் இல்லியா?"

கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. கீரைத் தட்டைக் காலால் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றேன்.

மறுநாள் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினேன். மடியில் காயோடு மெட்ராஸ் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டில் இருந்த அம்மா, கிலோ எவ்வளவு என்று விலை கேட்டார். சிரிப்பா அழுகையா என்று புரியாத ஒன்று எனக்குள் வந்துபோனது.

ஐசியூவுக்கு வெளியே அண்ணி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தம்பி. நான் கையில் காயோடு வருவதைப் பார்த்ததும் அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணி, அவரு பொழைக்கிறது இந்தக் காயிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. ஆண்டவரு இரக்கந்தான்," என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "சரி. காயில ஒண்ணும் இல்லன்றே. அப்ப அத ஒடைக்கிறதுக்கு நீ இன்னாத்துக்கு பயந்துக்கினு கீறே?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சில் இதற்குப் பதில் இல்லை. இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "தெரில அண்ணி. ஒடச்சா, நான் பொட்டு வெக்காததாலதான் அவருக்கு அடிபட்டுச்சுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். அது பொய். அப்பவும் அவரு எழுந்துக்கலன்னா, அடுத்து ஆடு கேப்பாங்கோ, சேவல் கேப்பாங்கோ. நீங்க ஓடிக்கினே இருப்பீங்கோ. அதுக்கு நான் ஆரம்பமா இருக்க மாட்டேன்."

"போ," என்றார் அவர். ஒரே சொல்தான். காயை என்னிடமிருந்து வாங்கித் தம்பியிடம் கொடுத்து, "நீயே ஒடச்சிடு" என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டார்.

நான் போகவில்லை. போகத் தெரியவில்லை. வராந்தாவின் மறு கோடியில் தரையில் உட்கார்ந்தேன். ஜெபம் பண்ணக் கண்ணை மூடினால், உறுதியாக நின்றேன் ஆண்டவரே என்று ஆரம்பித்தது வாய். ச்சீ என்று ஆகிவிட்டது. இது என்ன வியாபாரம்? மறுபடி ஆரம்பித்தேன். நான் செய்தது சரியா தப்பா தெரியவில்லை ஆண்டவரே, அதை நீர் பார்க்க வேண்டாம், அந்த மனுஷனைப் பாரும், இரங்கும். அவ்வளவுதான் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மனசு லேசாகிவிடவில்லை. பிடிக்க ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றியது. ஒருவேளை அப்படி உட்காருவதற்குப் பேர்தான் விசுவாசமோ என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகும் ஷிப்ட் முடிந்தால் போய் வந்துகொண்டிருந்தேன். அண்ணி என்னோடு பேசவில்லை. அமாவாசையன்று அவருடைய தம்பி மில் கேட்டில் காயைச் சுற்றி உடைத்தான். அதே நாள் எங்கள் சபையில் உபவாச ஜெபம் நடந்தது. தீபாவளி போய்ச் சில நாள் கழித்து அண்ணன் கண்ணைத் திறந்தார்.

மில்லில் எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிட்டது, பூசணிக்காய். சபையில் எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிட்டது, என் உறுதி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும்படி பாஸ்டர் என்னை எழுப்பிவிட்டார். மைக்கைப் பிடித்தபடி நின்றேன். "அவரு பொழச்சிட்டாரு. ஆண்டவரு இரங்கினாரு. இதுல நான் ஒண்ணும் பண்ணல" என்றுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு அல்லேலூயாகூட வரவில்லை. பாஸ்டர் முகம் கொஞ்சம் வாடிப்போனது.

அவரை வார்டுக்கு மாற்றிய பிறகும் கட்டிலுக்குப் பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. கதவு வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்தான் உள்ளே போனேன். இடுப்பில் பெரிய கட்டு. பாதி ஆளாக இளைத்திருந்தார். தலைமாட்டில் அஞ்சாறு கோயில் விபூதிப் பொட்டலங்கள். கிரேனில் இருந்தது நீதானே என்று கேட்பார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். "நைனா, உனக்கு ஒண்ணும் ஆவலியே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கயிறு அறுந்தா மேல கேபின் ஆடும்ல. நீ விழுந்துட்டியோன்னு நெனச்சேன். கண்ணு தொறந்த அன்னிக்கே கேட்டேன். இவ சொல்லவே இல்ல."

அண்ணி குனிந்து கட்டிலுக்கடியில் இருந்த பையை இழுத்தார். மேலே பொரி உருண்டைகள் நிறைய ஒரு தூக்கு இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து காகிதத்தில் தனியாக மடித்திருந்த ஒரு உருண்டையை எடுத்து என் பக்கம் நீட்டினார். இன்னமும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வெக்கச் சொன்னாரு," என்றார். "துன்னு."

வாங்கி வாயில் வைத்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, நின்றபடியே அழுதேன்.