உருக்கக் கொண்டுவந்த தாலிக்கொடி

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நான் கோவையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத துகள்களாக்கி, புற்றுநோய் செல்களுக்குள் போகவிட்டு, அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் துகள்கள் சூடாகும். அந்தச் சூட்டில் செல்கள் செத்துப்போகும். நாலு வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு ஒருநாள் அது சரியாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒருவர் பேட்டிக்கு வந்தார். எனக்கோ இயல்பிலேயே வாய் நீளம். பத்தே நிமிடம், அத்தனை செல்லும் காலி என்று அளந்துவிட்டேன். அந்தச் செல்கள் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தவை என்று சொன்னேனா? சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தாலும் முணுமுணுத்திருப்பேன். கையில் கண்ணாடிக் குப்பியும் முகமெல்லாம் சிரிப்புமாக என் படத்தோடு செய்தி வந்தது. அதைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வேறு வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, லேப் வாசலில் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். பெருந்துறைப் பக்கம். கணவர் தொழிற்பேட்டையில் மெஷின் ஆபரேட்டர். மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்; முடி கொட்டிய தலையில் துணி சுற்றியிருந்தார். செய்தியைப் படித்துவிட்டு ஏதோ விவரம் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பெருமையாகத் தங்கத் துகள் கலந்த குப்பியை எடுத்துக் காட்டினேன். தங்கம் அந்த அளவுக்கு நுணுகிவிட்டால் மஞ்சளாக இருக்காது, சிவந்துவிடும். "பீட்ரூட் சாறாட்ட இருக்குதுங்க" என்று அந்த அம்மா சிரித்தார்.

கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நகைக்கடைப் பர்ஸை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு தாலிக்கொடியும் ஒரு ஜோடித் தோடும்.

"ஏனுங்க மேடம், இது பத்துமுங்களா? கடைத் தங்கத்தவிட இவ மேல கெடந்த தங்கம்னா ஒடம்புக்கு ஒத்துக்கும் பாருங்க. இதையே உருக்கிச் செஞ்சு குடுத்துருங்க."

அப்போதுதான் அந்த அம்மாவின் கழுத்தைப் பார்த்தேன். தாலி மஞ்சள் கயிற்றில் இருந்தது.

கீமோ எப்படிப் போகிறது என்று மெதுவாகக் கேட்டேன். ஆறில் இரண்டு முடிந்ததாம். மூன்றாவதுக்குப் போகவேண்டிய நாள் தாண்டிப் பத்து நாளாகிவிட்டதாம். இங்கே பத்து நிமிடத்தில் முடியும்போது எதற்கு அந்தச் சித்திரவதை என்று நிறுத்திவிட்டார்கள்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். நாங்கள் கொன்றது தட்டில் இருந்த செல்களை. இன்னும் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. மனிதர்களுக்கு வர எத்தனை வருடமாகுமோ, வராமலே போனாலும் போகலாம். தட்டையும் காட்டினேன். கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த படத்தில் விரலை வைத்தார்.

"இதுல சிரிச்சுட்டு நிக்கறது நீங்க தானுங்களே?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே புரியாமல் கேட்டார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அந்த அம்மா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"அழுவாதீங்க அம்மணி. அவரு ஊசிக்குப் போலாம்னுதான் சொன்னாருங்க. வாந்தி தாங்க முடியாம நாந்தான் அந்தப் பேப்பரக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்."

பர்ஸைக் கணவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்து இருவரோடும் அவர்களுடைய ஆஸ்பத்திரிக்கே போனேன். இந்தப் பத்து நாள் எதைக் கெடுத்திருக்குமோ என்று வழியெல்லாம் பயம். டாக்டர் பரிசோதித்துவிட்டு, இனி ஒருநாள் தள்ளினாலும் ஆபத்து, இப்போதே தொடரலாம் என்றார். யார் சொல்லி நிறுத்தினீர்கள் என்று அதட்டினார். நான்தான் காரணம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

பத்திரிகைக்கு விளக்கம் எழுதி அனுப்பினேன். உள்பக்கத்தில் ஒரு மூலையில் நாலு வரி வந்தது. அதை எத்தனை பேர் படித்தார்களோ.

மீதி நாலு கீமோவுக்கும் நான் கூடப் போனேன். வாந்திக்கு வாளி பிடித்தேன். நோட்டுப் புத்தகத்தில் இத்தனை சதவீதம் செல்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு உடம்பு என்ன பாடுபடும் என்பது அங்கேதான் தெரிந்தது. பிறகு ஆபரேஷனும் நடந்தது. இன்றுவரை செக்கப்பில் கெடுதலாக எதுவும் இல்லை.

போன தை மாதம் அந்த அம்மா லேபுக்கு வந்தார். முடி வளர்ந்திருந்தது. தாலிக்கொடி கழுத்துக்குத் திரும்பியிருந்தது. குப்பியைப் பார்த்து, இந்தச் சாறு எப்போது மனுசருக்கு வரும் என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன்.

"வாரப்ப வரட்டுமுங்க. எனக்கு ஒதவாட்டி என்ன, பின்னால எவளுக்காச்சும் ஒதவும். நீங்க வேலையப் பாருங்க அம்மணி."

அந்தப் படம் இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. என் ஆராய்ச்சியைப் பற்றி யார் கேட்டாலும், அந்த மஞ்சள் கயிற்றை நினைத்துக்கொண்டு, தட்டிலிருந்துதான் பேச்சை ஆரம்பிக்கிறேன்.