டேர்போவுக்குப் பூசிய சுறா எண்ணெய்

போன வெள்ளிக்கிழமை காலை, மன்னார்ப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம். காரின் பொனட்டுக்குள் இருந்து புகை வந்தது. சரி, பழைய கார் என்றால் புகை வரும். ஆனால் மீன் பொரிக்கிற மணம் எதற்கு வருகிறது?

பக்கத்தில் மனைவி ஜெசிந்தா. மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என் காரில் ஏறியிருந்தார்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்...

எங்களுடையது டேர்போ பூட்டிய சின்ன ஜப்பான் கார். டேர்போ என்பது, வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குக் கூடுதலாகக் காற்று அடிக்கிற சாமான். அடுப்பு மாதிரிச் சுடும். வவுனியா கிளினிக்குக்குப் போகும் வழியில் ஒருநாள், அந்தச் சூட்டில் பக்கத்து வயர் ஒன்று உருகிவிட்டது. கருகல் மணம் வந்ததும் ஜெசிந்தா இறங்கி வீதியோரம் நின்றுவிட்டார்.

"இனி இந்தக் காரில ஏறமாட்டன். நான் பஸ்ஸில போறன்."

போனார். முழங்கால் நோவுக்கான கிளினிக்குக்கு, முழங்கால் நோவோடு, பஸ்ஸில் நின்றுகொண்டு. நான்? வெறும் காரை ஓட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போனேன். இரண்டு முறை. வெட்கமாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது.

உப்புக்குளத்தில் கராஜ் வைத்திருக்கும் ரிஸ்வியிடம் போனேன். "செரமிக் கோட்டிங் அடிப்பம் சேர்" என்றார். செரமிக் என்றால் எனக்குத் தெரிந்தது தேநீர்க் கோப்பையும் குளியலறைத் தரையும்தான்.

"புகைக்குழாய்க்கும் டேர்போக் கூட்டுக்கும் அடிச்சா, சூடு உள்ளுக்கே நிக்கும்."

"சூடு வெளியில போகத்தானே வேணும், தம்பி?"

"வெளியில வந்துதான் வயர் உருகினது சேர். உள்ளுக்கு நிண்டா புகை கொதிப்போட ஓடும், டேர்போவும் நல்லாச் சுத்தும். எஞ்சினுக்குள்ள இருக்கிற பிஸ்டன் தலைக்கும் அடிப்பமோ?"

"அங்கயும் சூட்டை உள்ளுக்கு வைக்குமோ?"

"இல்ல சேர். அங்க உள்ளுக்குப் போக விடாது."

ஒரே பூச்சு. ஓரிடத்தில் சூட்டை உள்ளே பிடித்து வைக்குமாம், மற்ற இடத்தில் உள்ளேயே விடாதாம். எங்கே என்ன செய்வதென்று அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது? தலையை ஆட்டினேன். விளங்காதபோது தலையாட்டுவது என் நெடுநாள் பழக்கம். பிஸ்டனை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

பாகங்கள் கொழும்புக்குப் போய், சாம்பல் நிறத்தில், மினுக்கமே இல்லாமல் திரும்பி வந்தன. பூட்டி முடித்த ரிஸ்வி ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: "இதுக்கு மேல ஒண்டும் பூசிப்போடாதேங்கோ."

எனக்குச் சொன்னார். என் மச்சானுக்கு யார் சொன்னது?

மச்சான் அல்பிரட் ஜெசிந்தாவின் அண்ணன். பேசாலையில் கடற்றொழில். வியாழக்கிழமை பின்னேரம் வந்தவருக்குப் பொனட்டைத் திறந்து பெருமையாகக் காட்டிவிட்டு, தேநீர் போட உள்ளே போனேன். காய்ந்து கிடக்கிற எதைக் கண்டாலும் எண்ணெய் பூசாமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. உப்புக்காற்று தின்றுவிடுமே என்ற பயம். வள்ளத்துக்கென்று கொண்டுபோன சுறா எண்ணெய்ப் போத்தல் வேறு கையோடு இருந்திருக்கிறது. நான் வருவதற்குள் பொனட்டைச் சாத்திவிட்டார். மணம் வந்ததுதான். ஆனால் மச்சானிடம் எப்போதும் அந்த மணம் உண்டு, நான் சந்தேகப்படவில்லை.

இதெல்லாம் வெள்ளிக்கிழமை வீதியோரத்தில் நின்று மச்சானுக்குப் போன் எடுத்தபோதுதான் தெரிந்தது.

"ஓம் மச்சான், நான்தான் பூசினனான். தங்கச்சி ஏறுற வாகனமெல்லோ" என்றார்.

அடுத்து ரிஸ்விக்கு எடுத்தேன். "கோட்டிங்குக்கு ஒண்டும் ஆகாது சேர். ஆறவிட்டு, வடிவாத் துடைச்சுப்போட்டு ஓடுங்கோ" என்றார்.

துடைத்துக்கொண்டு நிற்கும்போது வவுனியா பஸ் வந்தது. எங்களைக் கண்டு நின்றும்விட்டது.

"அக்கா, ஏறுறியளோ?" நடத்துநருக்கு ஜெசிந்தாவைப் பழக்கம்.

ஜெசிந்தா பஸ்ஸைப் பார்த்தார். என் கையில் இருந்த எண்ணெய்த் துணியைப் பார்த்தார்.

"வயர் ஏதும் எரியுதோ?"

"இல்லை. உம்மட அண்ணன்ர எண்ணெய்தான்."

"அப்ப நீங்கள் போங்கோ" என்று பஸ்ஸை அனுப்பிவிட்டுக் காரில் ஏறி இருந்தார். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வவுனியா வரைக்கும் வந்தார். அண்ணனைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை.

கருகிய வயருக்கு இறங்கியவர், கருகிய சுறா எண்ணெய்க்கு ஏன் ஏறினார்? பழகிய மணம் என்பதாலா? அண்ணன் பூசியது என்பதாலா? நான் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிவிடுவாரோ என்று பயம்.

சூடு உள்ளே நிற்க வேண்டுமா, வெளியே போக வேண்டுமா — இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஜெசிந்தா உள்ளே இருக்கிறார், அது போதும்.