பசுவந்தனைக்கு இரண்டு சைக்கிள்

சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடும் விஷயத்தில் எங்கள் ஊரில் ஒருவருக்கும் விவரம் போதாது. கோவில்பட்டியில் எந்தத் தெருவில் போய்ப் பார்த்தாலும் இதே கதைதான். கையில் கிடைத்த எண்ணெயைச் செயினுக்கு அபிஷேகம் செய்துவிட்டு ஏறி மிதிக்கிறார்கள். கரிசல் புழுதி அதில் போய் அப்பிக்கொள்ளும், ஒரே வாரத்தில் செயின் கரகரவென்று முனக ஆரம்பிக்கும். முதலில் பழைய துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரே ஒரு சொட்டு. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் துடைக்க வேண்டும். இதை நான் பால்காரரிடம் சொல்லியிருக்கிறேன், பேப்பர் போடுகிறவரிடம் சொல்லியிருக்கிறேன், ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொல்லியிருக்கிறேன். கேட் திறந்ததும் அவர் பறந்த வேகத்தைப் பார்த்தால் அவர் செயின் நல்ல நிலையில்தான் இருந்திருக்க வேண்டும்.

ஐம்பது வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் தெருவில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுகிறார்கள், பாகற்காய் என்கிறார்கள், வெந்தயம் என்கிறார்கள். கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. அதனால் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். செல்போனில் வீடியோ பார்த்து, பஞ்சர் ஒட்டுவதில் தொடங்கி பிரேக் கட்டை மாற்றுவது வரை கற்றுக்கொண்டேன். ஆறு மாதத்தில் எங்கள் வீட்டு வாசல் பாதி சைக்கிள் கடை ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் கிளம்பி மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வருவேன். ஒரே ஒரு குறை. மக்காச்சோளக் காட்டுக்குள் மயில் நிற்கும், பக்கத்தில் காட்ட ஆள் இருக்காது. மகள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு வீட்டில் நானும் மனைவியும்தான். நான் இப்படிக் காடு காடாகச் சுற்ற, அவள் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மகள் விட்டுப் போன சைக்கிள் ஒன்று மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. நீயும் வா என்று நச்சரித்தேன். அவள் பிடி கொடுக்கவே இல்லை. ஐப்பசியில் ஒருநாள் மனம் இறங்கி, ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரே ஒரு தடவை வாரேன். பசுவந்தனைக்கு, எங்க அக்கா வீட்டுக்கு. வழியில எங்கயாவது வண்டி மக்கர் பண்ணி என்னைய நடுவழியில நிக்க வச்சீங்கன்னா, அதுக்கப்புறம் சைக்கிள்னு என்னைக் கூப்பிடப்பிடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். எனக்கா மக்கர் பண்ணும்?

ஒரு வாரம் இரண்டு சைக்கிளையும் படாத பாடு படுத்தினேன். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக் காற்று அடித்தேன். சீமைக்கருவேல முள்ளுக்குப் பயந்து மாற்று டியூப் இரண்டு வாங்கினேன். மழைக்காலம் என்பதால் என் சைக்கிளுக்குப் புதிதாக மட்கார்டு போட்டேன். மகள் சைக்கிளின் மட்கார்டு கடகடவென்று ஆடியது. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. விரல் நுழையாத அளவுக்கு அதை டயரோடு நெருக்கி வைத்து இறுக்கினேன். "ஆடுனா ஆடிட்டுப் போகுது, விடுங்க" என்றாள் மனைவி. அவளுக்கு என்ன தெரியும் என்று, என் மட்கார்டையும் அதே அளவுக்கு நெருக்கி வைத்தேன். கடைசியாகப் பாரம் குறைக்கிறேன் பேர்வழி என்று ஸ்பானர்களை எல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு, பதினாறு வேலை செய்யும் என்று அட்டையில் போட்டிருந்த ஒரு மடக்குக் கருவியை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன்.

கிளம்பியதிலிருந்து நான் வாயை மூடவில்லை. சீட்டின் உயரம், முழங்கால் மடங்கும் அளவு, மேட்டில் மூச்சு விடும் முறை, தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டிய அவசியம், எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே வந்தேன். அவள் பாட்டுக்கு மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள். பாதி தூரத்துக்கு மேல் போன பிறகு ரோட்டிலிருந்து ஒரு வண்டிப்பாதை பிரிந்தது. இரண்டு பக்கமும் உளுந்துக் காடு, நடுநடுவே தரிசு. அதில் போனால் நாலு கிலோமீட்டர் மிச்சம், லாரித் தொல்லையும் இல்லை.

"மூணு நாளைக்கு முன்னாலதான் மழை பெஞ்சிருக்கு" என்றாள். "தார் ரோட்டுலயே போயிருவோமே."

"மேல பாரு, வெள்ளையா காஞ்சு கெடக்கு. நான் கரிசக்காட்டுல பொறந்தவன், எனக்குத் தெரியாதா?"

"நானும் அங்கனதான் பொறந்தேன்" என்றாள். ஆனாலும் பின்னால் வந்தாள்.

வெளியூர்க்காரன் ஈரக் கரிசலைக் கண்டால் பயந்து ஒதுங்கிவிடுவான். மேலே காய்ந்திருக்கிறதே என்று நம்பி இறங்குகிறவன் எங்கள் ஊர்க்காரன்தான். அரைக் கிலோமீட்டர் நன்றாகப் போனது. அதற்குப் பிறகு மேல் ஓடு உடைந்து உள்ளே இருந்த களி மேலே வந்தது. டயரில் ஒட்டியது, ஒட்டியதோடு இன்னும் ஒட்டியது, நான் ஆசை ஆசையாக நெருக்கி வைத்த மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொண்டது. இரண்டு சைக்கிளும் நின்றன. ஸ்டாண்டு போடாமலே நின்றன. தள்ளினால் சக்கரம் சுற்றாமல் சறுக்கியது, தூக்கினால் சேறும் சேர்ந்து கனத்தது, எங்கள் செருப்பு ஆளுக்கு ஒரு செங்கல் எடை ஏறியிருந்தது.

தரிசில் செம்மறி மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், என் வயதுதான் இருக்கும், கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, சைக்கிளை நட்டு வச்சிருக்கீக?"

விவரம் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார்.

"ஐப்பசி பொறந்துட்டா எங்க ஊர்ல ஒரு சைக்கிள்லயும் மக்காடு இருக்காது. கழட்டி வச்சுட்டுல்லா காட்டுக்குள்ள வரணும். இப்பயாவது கழட்டுங்க."

பதினாறு வேலைக் கருவியைப் பெருமையோடு விரித்தேன். மட்கார்டு நட்டுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பானர் வேண்டும். பதினாறில் அது இல்லை. ஒவ்வொன்றாக நான் வைத்துப் பார்ப்பதை அவரும் பொறுமையாகப் பார்த்தார். ஆடுகளும் பார்த்தன.

"பதினாறு வேலை தெரியும், இந்த ஒரு வேலை தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

மனைவி என் பையைக் குடைந்து, டயரை நெம்பிக் கழற்றும் பிளாஸ்டிக் பட்டையை எடுத்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மட்கார்டுக்குள் விட்டுக் களியைத் தோண்ட ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று, கீழிருந்து மேலே தோண்டு, போக்ஸ் கம்பியில் படாமல் பார்த்துக்கொள், பிரேக் பக்கம் கவனம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்குச் சைக்கிள் பிடிக்காதுன்னு நெனைச்சீங்களா? அஞ்சு வருசம் பள்ளிக்கூடத்துக்கு மிதிச்சுப் போனவ நான். சைக்கிள் எனக்குக் கனமில்ல. நீங்க பேசுதது கனமா இருக்கு. அதுக்குப் பயந்துதான் இத்தனை நாளும் வரமாட்டேன்னு சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. பாகற்காய், வெந்தயம் என்று என்னிடம் தெருவில் சொன்னவர்களின் முகம் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. குனிந்து, அவள் கீழே போட்டதை எடுத்துத் தோண்டினேன். பத்தடி தள்ளுவதும் தோண்டுவதுமாகத் தார் ரோட்டுக்குத் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அக்கா வீட்டில் எங்கள் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் இலை போட்டார்கள். மாலையில் அவள் அத்தான் குட்டியானை வேனில் இரண்டு சைக்கிளையும் ஏற்றி, எங்களையும் ஏற்றி, வீட்டில் கொண்டு வந்து விட்டார்.

நிபந்தனை நிபந்தனைதான். அடுத்த மூன்று ஞாயிறும் நான் அவளைக் கூப்பிடவில்லை. தனியாகப் போனேன், தனியாக வந்தேன். இளையரசனேந்தல் ரோட்டில் ஒருநாள் ஜோடி மயிலைப் பார்த்தபோது அழுகை வராத குறைதான். அவளை வராமல் ஆக்கியது என் வாய்தான் என்று தெரிந்த பிறகு, சைக்கிள்மேல்கூடப் பழி போட முடியவில்லை.

நாலாவது ஞாயிறு குளித்துவிட்டு வாசலுக்கு வந்தால், இரண்டு சைக்கிளும் வெளியே நின்றன. இரண்டிலும் மட்கார்டு இல்லை. அவள் கையில் பத்தாம் நம்பர் ஸ்பானர் இருந்தது.

"நீங்கதான் கூப்பிடப்பிடாது. நான் கூப்பிடுதேன், வாங்க. கழுகுமலைக்குப் போவோம், தார் ரோட்டுலயே. நான் முன்னால போறேன், நீங்க பின்னால வாங்க. மயில், மாடு எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க. சைக்கிளைப் பத்தி ஒரு வார்த்தை பேசப்பிடாது."

பின்னால் போனேன். ஊரைத் தாண்டியதுமே கவனித்துவிட்டேன். அவளுடைய பின் சக்கரத்தில் கோட்டம். ஒவ்வொரு சுற்றுக்கும் ரிம் இடது பக்கமாக ஒரு நெளி நெளிந்தது. இரண்டு போக்ஸ் கம்பியை முறுக்கினால் போதும், ஐந்து நிமிட வேலை. இருபது கிலோமீட்டரும் அந்த நெளிவு என் கண் முன்னால் ஆடிக்கொண்டே போனது. நான் மாட்டைப் பற்றிப் பேசினேன், கம்பங்கதிரைப் பற்றிப் பேசினேன், வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மலை கண்ணில் பட்டதும் அவள் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"வீல்ல கோட்டம் இருக்கா?"

"இருக்கு."

"எப்ப பாத்தீங்க?"

"ஊர் தாண்டினதும்."

 அவள் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டிக்கொண்டு கேட்டாள்.

"அடுத்த ஞாயிறு எங்க போவோம்?"